வேலாமணியின் வாய்

கோத்தகிரி
12-10-1980

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், மருதா. ஆவணியில் உன் மகளுக்குக் காது குத்திவிட்டு வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கூடலூர், அங்கிருந்து உங்கள் எஸ்டேட்டுக்கு ஜீப் என்று மலையையே சுற்றிக்கொண்டு வந்தவன் நான். எதற்காக? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்பதற்காக. பந்தியில் எனக்குச் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் இலை போட்டார்கள். அதை நான் மறந்துவிட்டேன். ஆனால் இதை மறக்க முடியவில்லை.

ஆசாரி ஊசியை எடுத்தார். நாலு வயதுக் குழந்தை, துள்ளும் என்று இறுக்கிப் பிடித்தேன். வேலாமணி துள்ளவில்லை, அழவுமில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, எஸ்டேட் ஸ்டாஃப் குடும்பங்கள் அத்தனையும் கேட்கும்படி கணீரென்று சொன்னாள்: “சத்தம் வந்துச்சுன்னா நாக்க அறுத்து அடுப்புல போட்டுருவேன், நாறமுண்ட.”

எல்லோரும் சிரித்தார்கள். “மாமனுக்குப் பாப்பா முதல் சீர் குடுத்துட்டா” என்று ஒருவர் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே அவள் வாயில் கல்கண்டு போட்டார். பாவம், சபையில் அவர் வேறு என்ன செய்வார்? வேலுசாமியின் வாயிலிருந்து தகாத சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்தும் ஆட்களை வாங்க போங்க என்றுதான் பேசுகிறார். ஆகவே குற்றம் உன்னுடையது. காலையில் பிள்ளையை லைன் வீட்டுத் தொழிலாளர் குழந்தைகளோடு அவிழ்த்து விட்டுவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கிறாய். கெட்ட வார்த்தை முளைக்கும்போதே கிள்ள வேண்டும். நாலு வயதில் சிரித்தால் பதினாலு வயதில் அழ வேண்டியிருக்கும்.

உன் அண்ணிக்குக் குளிர் தொடங்கியதும் இருமல் வந்துவிட்டது. நான் சுகம். மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்.

அண்ணன்,
ப. குமாரசாமி, எம்.ஏ., பி.டி.

✶

வெள்ளிமுடி எஸ்டேட்
27-10-1980

அன்புள்ள அண்ணாவுக்கு மருதா எழுதிக்கிறது. நாங்க மூணு பேரும் சௌக்கியமுங்க. அண்ணிக்கு இருமல்னு எழுதியிருந்தீங்க. மிளகும் பனங்கல்கண்டும் பொடிச்சு ராத்திரி படுக்கப் போறப்ப குடுங்க. நீங்க குடுக்க மாட்டீங்க, எழுதி வெச்சுட்டுப் போவீங்க. அண்ணியே பொடிச்சுக்கட்டும்.

ஏனுங்கண்ணா, தங்கச்சிக்கு எழுதற கடுதாசியிலயுமா எம்.ஏ., பி.டி. போடறது? நானென்ன டி.இ.ஓ. ஆபீசா?

உங்க கடுதாசிய அவருதான் பிரிச்சாரு. கவர் மேல அவரு பேருதானே இருக்குது. சாயங்காலம் டீ குடிச்சுட்டு, என்னை எதுக்கால உக்கார வெச்சு, உரக்கவே படிச்சுக் காட்டினாரு. உங்க தமிழு நல்லா இருக்குதுன்னு சொன்னாரு. அந்தச் சாம்பார் அண்டா வந்த இடத்துல சிரிச்சாரு. குழந்தை சொன்னது வந்த இடத்துல நிறுத்தி, இன்னொருக்கா படிச்சாரு.

லைனுப் பிள்ளைக மேல பழி போடாதீங்கண்ணா. அதுக நல்ல பிள்ளைக. வேலாமணி ஏசினா ஏசிட்டுப் போகட்டுமுங்க. நான் அதட்டறதில்ல. ரோட்டுல போறப்பவும் சொல்றா, பிள்ளைக்காப்பகத்துலயும் சொல்றா, ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்டயும் சொன்னா. எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்கட்டுமுங்க. வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்.

ஒரே ஒரு காரியம். அடுத்த கடுதாசிக்குக் கவர் மேல என் பேரையே எழுதுங்க. கீழ பஜார்ல ஜலாலுதீன் பாய் கடை விலாசம் போட்டா இன்னும் நல்லது. அவங்க ஊட்டுக்கார அம்மா பாத்திமுத்து அக்கா எனக்குப் பழக்கம். மழையில எஸ்டேட் தபால் பை நனைஞ்சு போகுதுங்க, அதுக்குத்தான்.

அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்க தங்கச்சி
மருதா

✶

கோத்தகிரி
5-11-1980

அன்புள்ள தங்கை மருதாம்பாளுக்கு ஆசிகள். இங்கு சுகம். உன் அண்ணிக்கு நீ சொன்ன மருந்தில் இருமல் தணிந்திருக்கிறது. அவ்விடத்துச் சுகம் எழுதவும்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஏசினால் ஏசட்டுமாம்! ஒரு தாய் எழுதுகிற வாக்கியமா இது?

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கடிதம் எழுதினால் மேலுறையில் மாப்பிள்ளையின் பெயரைத்தான் எழுத வேண்டும். நம் அப்பா கடைசி வரையில் அப்படித்தான் எழுதினார். மனைவி பெயருக்கு அண்ணன் தனியாகத் தபால் போடுகிறான் என்று எஸ்டேட் ஆபீஸில் நாலு பேர் பேசினால் மாப்பிள்ளையின் மரியாதை என்ன ஆகும்? அதிலும் கடை விலாசத்துக்கா எழுதச் சொல்கிறாய்? ஜலாலுதீன் பாய் நல்லவராகவே இருக்கட்டும். பெயரை மறைத்து விலாசத்தை மாற்றுவது மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் செய்கிற வேலை. பெயர் போடத் துணிவில்லாத ஒருவன் என்னைப் பற்றிக் கல்வி அதிகாரிக்கு எழுதிய ஒரு காகிதத்தால்தான் இன்றைக்குத் தலைமையாசிரியர் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்து எனக்கு லீவு சாங்ஷன் செய்கிறான். அந்தக் கைகள் அழுகிப் போகட்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் தங்கைக்கு நான் ஒளிந்து எழுத மாட்டேன்.

இன்னொன்று. நீ சொன்ன பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். லைன் குழந்தைகளைப் பற்றி நீ எழுதியது ஒருவகையில் சரி. எத்தனையோ வருஷம் அவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்தப் பிள்ளைகள் நாய், கழுதை, பாடை என்று ஏசும். ஏசிவிட்டு ஓடும். “சத்தம் வந்துச்சுன்னா” என்று எந்தப் பிள்ளையும் ஏசாது. அது பிள்ளைகள் ஒன்றையொன்று ஏசுகிற ஏச்சு அல்ல. கதவைச் சாத்திவிட்டுப் பெரியவர்கள் பேசுகிற பேச்சு. ஏதோ ஒரு வீட்டுக்குள் யாரோ யாரையோ அப்படி மிரட்டுகிறார்கள். குழந்தை அங்கே இருந்து கேட்டிருக்கிறது. அது யார் வீடு, குழந்தையை யார் வீட்டில் விடுகிறாய் என்று விசாரித்து எனக்கு எழுது. மாப்பிள்ளையிடமும் சொல். அவர் பொறுப்புள்ளவர், கண்டுபிடித்துவிடுவார்.

அண்ணன்,
ப. குமாரசாமி, எம்.ஏ., பி.டி.

✶

வெள்ளிமுடி எஸ்டேட்
23-11-1980

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தங்கை மருதாம்பாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் நலம். தங்கள் நலத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அவர்கள் படித்துக் காட்டினார்கள். தாங்கள் கூறிய அறிவுரை முற்றிலும் சரியானது. குழந்தை கண்ட இடத்தில் கேட்ட சொற்களைப் பேசி வந்ததற்கு என்னுடைய கவனக்குறைவே காரணம். அவர்கள் குழந்தையைத் திருத்திவிட்டார்கள். இனி அது யாரையும் ஏசாது.

பஜார் விலாசம் பற்றி நான் எழுதியது அறியாமை. மன்னிக்கவும். வழக்கம்போல் அவர்கள் பெயருக்கே எழுதவும்.

வேலாமணி இப்போது பேசுவதே இல்லை. தங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை
வே. மருதாம்பாள்

✶

கோத்தகிரி
1-12-1980

அன்புள்ள மருதாவுக்கு, இங்கு சுகம். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு.

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. பார்த்தாயா, கண்டிப்பு என்று ஒன்று இருந்தால் பதினைந்து நாளில் எது வழிக்கு வராது? நீ கெடுத்ததை மாப்பிள்ளை சரிசெய்திருக்கிறார். என் பாராட்டை அவருக்குச் சொல். உன் எழுத்துகூட இந்த முறை கோடு போட்டாற்போல் நேராக இருந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் அண்ணியிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் அடுப்படியில் நின்றே படித்தாள். “மருதா என்னோட இருமலைக் கேக்கவே இல்லையே” என்றாள். பிறகு, “பேசறதே இல்லைன்னா என்னங்க அர்த்தம்? ஏசறதில்லைன்னு சொன்னாப் புரியுது. நாலு வயசுப் பிள்ளை எப்படிங்க பேசாம இருக்கும்?” என்றாள். நீ சுருக்கமாக எழுதியிருப்பாய் என்றேன். அவள் பருப்பு அடிப்பிடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

குழந்தை பேசுகிறதல்லவா? ஒரு வரி எழுது. முடிந்தால் அவள் கையில் பென்சிலைக் கொடுத்து இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எதையாவது கிறுக்கச் சொல்லி அனுப்பு.

அண்ணன்,
ப. குமாரசாமி, எம்.ஏ., பி.டி.

✶

(தபால் அட்டை)

கோத்தகிரி
20-2-1981

அன்புள்ள மருதாவுக்கு, நலமா? மார்கழி போய்த் தையும் போய்விட்டது. பொங்கலுக்கு நீ வாழ்த்து அனுப்பாத வருஷம் இதுதான். நான் போட்ட கவர்கள் எதற்கும் பதில் இல்லாததால் கார்டில் எழுதுகிறேன். இரண்டு வரி போதும். காதுகுத்துச் சமாச்சாரத்தை நான் மறந்துவிட்டேன். குழந்தை என்ன பேசினாலும் பேசட்டும். பேசினால் போதும். மாப்பிள்ளைக்கு வணக்கம். அண்ணி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

குமாரசாமி

✶

14-3-1981

அண்ணா, நல்லா இருக்கீங்களா, அண்ணி நல்லா இருக்கறாங்களா. நான் எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து இதை எழுதறேன். பாத்திமுத்து அக்கா பக்கத்துல இருக்கறாங்க. மருந்து பாட்டிலைத் தூக்கிப் பார்க்கற மாதிரி என்னை மறைச்சுட்டு உக்காந்திருக்காங்க. எழுத்து கோணலா இருந்தா கோவிச்சுக்காதீங்க. கை அப்படித்தான் வருது இப்ப.

நீங்க எழுதினதெல்லாம் எனக்கு அவரு வாயிலதான் வந்துச்சு. உங்க ரெண்டாவது கடுதாசியப் படிச்சு முடிச்சுட்டு மடிச்சு வெச்சாரு. “உங்கண்ணன் படிச்சவரு. கதவைச் சாத்திட்டுப் பேசற பேச்சுன்னு கண்டுபிடிச்சுட்டாரு பாரு” அப்படின்னாரு. குரலே ஏறல. பாய் கடை சமாச்சாரத்தையும் ரெண்டு தடவை படிச்சாரு.

அப்புறம் வேலாமணியை மடியில உக்கார வெச்சுட்டாரு. அடுப்புல கரண்டியக் காய வெச்சாரு. சூடு போடலைங்கண்ணா. காய வெச்சு வாய்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாரு. “இனி வெளிய என்ன பேசுவே?” ன்னு கேட்டாரு. அவ ஒண்ணும் சொல்லல. அன்னியிலிருந்து ஒண்ணும் சொல்றதில்ல. தண்ணி வேணும்னாலும் சொம்பைத்தான் காட்டறா. போன கடுதாசி அவரு சொல்லச் சொல்ல எழுதினது. அந்தக் கடைசி வரிய மட்டும் நானே சேர்த்தேன். அதையும் படிச்சுப் பார்த்துட்டு, “இருக்கட்டும், அவருக்குச் சந்தோசமா இருக்கும்” னுட்டாரு.

பிள்ளை கெட்ட வார்த்தை பேசறதை ஏன் அதட்டலைன்னு கேட்டீங்க. நான் வாயத் தெறந்தா குடும்ப மானம் போகும். யாரும் நம்பவும் மாட்டாங்க, அவரு பச்சத்தண்ணி மாதிரிதானே எல்லாருக்கும். அவ சொன்னா குழந்தை வாய்னு சிரிப்பாங்க. ஆனா சிரிச்சாலும் காதுல விழுமில்லைங்களா. ஊட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு வெளிய போய்ச் சொல்லிட்டிருந்தது அந்தப் பிள்ளை ஒண்ணுதான். என்னைக்காவது ஒருத்தராவது சிரிக்காம, இது எங்க கேட்டேன்னு கேப்பாங்கன்னு பார்த்துட்டிருந்தேன். கடைசியில நீங்கதான் கேட்டீங்க. ஆனா அவருகிட்டக் கேட்டுட்டீங்க.

என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. பதிலைப் பாத்திமுத்து அக்காவோட அம்மா ஊட்டுக்கு, கூடலூருக்குப் போடுங்க. விலாசம் அவங்க எழுதுவாங்க. எழுதாட்டியும் பரவாயில்ல.

மருதா

✶

கோத்தகிரி
19-3-1981

மருதா,

உன் அண்ணியும் நானும் இருக்கிறோம். நான் இதை எழுதும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு எழுத்து ஓடவில்லை. உடனே புறப்பட்டு வருகிறேன் என்று பையை எடுத்துவிட்டேன். உன் அண்ணிதான் தடுத்தாள். “நீங்க போய்ச் சண்டை போட்டுட்டு சாயங்காலம் பஸ் ஏறிருவீங்க. அதுக்கப்புறம் அந்த ஊட்டுல யாரு இருப்பா?” என்றாள். அவள் சொன்னது சரி. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்தால் அவன் கை நீளும், என்ன செய்தால் நீளாது என்று தெரியாத பயம்.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். சித்திரை மழை விழுந்ததும் இலை குவியும். ஃபேக்டரி இரவு பகல் ஓடும். டீமேக்கருக்கு அப்போது ஒரு நாள் லீவும் கிடைக்காது. அந்த நேரம் பார்த்து, குலதெய்வம் கோயிலில் குழந்தைக்குத் தாய்மாமன் செய்ய வேண்டிய முறை ஒன்று பாக்கி என்று எழுதுகிறேன். மாமன் கேட்டுப் பிள்ளையை அனுப்பவில்லை என்ற பேச்சை அவன் விரும்ப மாட்டான். ஊர் வாய்க்குப் பயந்தவன். அவனால் கூட வர முடியாது. நீயும் பிள்ளையும் வந்துவிடுங்கள். திரும்பிப் போவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

அவனுக்கு நான் எழுதப் போகிற கடிதத்தையும் அவன் உனக்குப் படித்துக் காட்டுவான். அதில் ஒரு சொல்லையும் நம்பாதே.

அண்ணன்

✶

கோத்தகிரி
16-4-1981

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை வேலுசாமி அவர்களுக்குக் குமாரசாமி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. சித்திரைத் திருநாள் வாழ்த்துகள். தங்கள் தேக சுகம் எப்படி இருக்கிறது? மழை நல்லபடியாக விழுந்து இலை ஏராளமாக வருவதாகக் கேள்விப்பட்டேன். தங்கள் கையால் வறுத்த தூளுக்குக் குன்னூர் ஏலத்தில் தனி மதிப்பு என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

முன்பு நான் எழுதிய கடிதங்களில் வயதுக்குத் தகாத சில வார்த்தைகள் வந்துவிட்டன. வாத்தியார் வேலை பார்த்துப் பார்த்து யாரைக் கண்டாலும் பிள்ளைகளாகவே தோன்றிவிடுகிறது. தாங்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. தங்கள் வீட்டில் தகாத பேச்சுக்கு இடமே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? குழந்தையைத் திருத்திய தங்கள் திறமையை நான் என் வகுப்பில் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை ஏசிய சொல் மாமன் வீட்டுக்கு ஆகாது என்று கோயில் பூசாரி சொல்கிறார். குலதெய்வத்துக்கு முன்னால் மறுபடி என் மடியில் வைத்து முடி இறக்கினால் தோஷம் கழியுமாம். சித்திரை கடைசிக்குள் செய்ய வேண்டும். தங்களுக்கு இது ரஷ் சமயம் என்பது தெரியும். மருதாம்பாளையும் குழந்தையையும் அனுப்பி வைத்தால் போதும். தங்களுக்குரிய முதல் மரியாதையையும் பட்டு வேட்டியையும் அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் அன்புள்ள
ப. குமாரசாமி

✶

வெள்ளிமுடி எஸ்டேட்
24-4-1981

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு வேலுசாமி வணக்கம். நலம், நலமே சூழ்க.

தங்கள் கடிதத்தை மருதாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். தங்கள் நடை எப்போதும்போல் அழகு. பெரியவர் மன்னிப்பெல்லாம் கேட்கலாமா? எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

தாய்மாமன் முறைக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். வரும் 29-ஆம் தேதி எங்கள் டீ லாரி குன்னூர் ஏலக் குடோனுக்கு வருகிறது. டிரைவர் முனியசாமி நம்பிக்கையானவர். வேலாமணியை அவரிடம் அனுப்புகிறேன். மதியம் குடோன் வாசலில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். மடியில் உட்கார வேண்டியது குழந்தைதானே? ரஷ் சமயத்தில் வீட்டுக்கு ஆள் வேண்டும். மருதாம்பாள் என்னோடு இருப்பாள்.

குழந்தையைத் திருப்பி அனுப்ப அவசரம் வேண்டாம். தங்களுக்கும் பள்ளிக்கூடம் லீவுதானே, நிதானமாக வைத்திருங்கள்.

பஜாரில் ஜலாலுதீன் பாய் கடையில் நாங்கள் இப்போது சாமான் வாங்குவதில்லை. அங்கே தபால் வேலையும் நடக்கிறது என்று தாங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்கு நன்றி. கூடலூரிலும் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம்.

அக்காவுக்கு என் வணக்கம்.

அன்புள்ள
சு. வேலுசாமி

✶

3-5-1981

வெள்ளிமுடி எஸ்டேட் மேனேஜர் அவர்களுக்கு, பங்களா விலாசத்தில், சொந்தப் பார்வைக்கு.

ஐயா, வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். அந்த நலத்தில் கொஞ்சத்தை வேறொருவருக்காகக் கேட்டு இதை எழுதுகிறேன்.

தங்கள் ஃபேக்டரி டீமேக்கர் வேலுசாமியை அமைதியானவர் என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள். அவருடைய மகள் வேலாமணியைத் தங்களுக்கு நினைவிருக்கலாம். வழியில் போகிறவர்களை எல்லாம் ஏசிக்கொண்டிருந்த பெண் குழந்தை. காதுகுத்தில் அவள் ஏசியபோது தாங்களும் அங்கே இருந்தீர்கள். தாங்களும் சிரித்தீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. சிரிக்காமல் இருந்தவன் அதைவிடப் பெரிய முட்டாளாக இருந்தான். குழந்தையின் வாயைக் கழுவ வேண்டும் என்று நினைத்தானே தவிர, அந்த வாய்க்குள் அதைப் போட்டது யார் என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

ஐயா, அந்தக் குழந்தை ஏசியதெல்லாம் அந்த வீட்டுக்குள் அவளுடைய தாய் மருதாம்பாளிடம் சொல்லப்பட்டவை. ஒன்றுகூட அவளாகச் சொன்னதில்லை.

குழந்தை இப்போது அங்கே இல்லை. தங்கள் டீ லாரியில் குன்னூருக்கு வந்து இறங்கினாள். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. பசி என்றால் தட்டைக் காட்டினாள். தூக்கம் என்றால் பாயைக் காட்டினாள். நேற்று மத்தியானம், அவளை வைத்திருக்கிற வீட்டில் சுரைக்காய் ஒன்றைத் துணியில் சுற்றிப் பொம்மை மாதிரி உட்கார வைத்து விளையாடினாள். அடுப்படியிலிருந்து கரண்டியை எடுத்து வந்தாள். அதைச் சுரைக்காய்க்கு நேரே நீட்டிக்கொண்டு பேசினாள். ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது அவள் குரல் வெளியே வந்து. முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள் சந்தோஷத்தில் எழுந்துவிட்டாள். பிறகு என்ன பேசுகிறாள் என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அப்பாவின் நிதானமான குரலில், ஒரு சொல்லும் உயராமல் சொன்னது இது:

“புள்ளைய நாளைக்கு அனுப்பிருவேன். இனி நீ கத்துனா வெளிய போய்ச் சொல்றதுக்கு ஒரு நாயும் இல்ல. இலை ஓயட்டும். அப்புறம் உனக்கு வெச்சிருக்கறேன், நாறமுண்ட.”

சொல்லிவிட்டு அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டாளாம்: “இலை எப்ப ஓயும்?”

இதைக் கேட்டவுடன் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவளை அங்கிருந்து வெளியே எடுத்ததாக நினைத்தோம். உண்மையில் அந்த வீட்டின் கடைசிக் காதையும் வாயையும் எடுத்துக்கொடுத்துவிட்டோம். கடிதம் போட்டால் அவர் பிரிக்கிறார். கடை வழியாகப் போட்ட வழியும் அடைபட்டது. நேரில் வந்தால் வாசலில் வைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். பிறகு கதவைச் சாத்திக்கொள்வார்.

தங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. விசாரணை வேண்டாம். அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். அவர் ஃபேக்டரியில் இரவு ஷிப்டில் நிற்கும்போது எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். கைக்குக் கட்டுப் போட வேண்டும் என்று சொல்லி மருதாம்பாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொள்ளட்டும். கையில் உண்மையாகவே காயம் இருக்கும். விடியற்காலை டீ லாரி கிளம்பும்போது, முன்சீட்டில் அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள். குன்னூர் குடோன் வாசலில் அவளுடைய ஆட்கள் காத்திருப்பார்கள். இந்த வாரம் எல்லா நாளும் காத்திருப்பார்கள். மழையிலும் காத்திருப்பார்கள். இலை ஓய்வதற்கு முன் இது நடக்க வேண்டும். மேற்கே ஜூன் மழை பிடித்துக்கொண்டால் இலை வரத்து எப்போது ஓயும் என்பது என்னைவிடத் தங்களுக்குத் தெரியும்.

இதை எழுதியவன் யார் என்று தாங்கள் ஊகித்திருப்பீர்கள். ஊகித்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயர் போட்ட மனு வந்தால், சம்பந்தப்பட்டவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, அதை அவருக்குப் படித்துக் காட்டுவது எல்லா ஆபீஸிலும் உள்ள வழக்கம். நியாயமான வழக்கம்தான். என் பெயர் போட்டு எழுதிய காகிதங்கள் எல்லாம் அந்த வீட்டில் உரக்கப் படிக்கப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றுக்கும் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இன்னொன்று அங்கே படிக்கப்படக் கூடாது.

பெயர் போடாமல் எழுதுகிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை. அவன் கை அழுக வேண்டும் என்று சபித்தவன். வழக்கம்போல் இதன் கீழேயும் பெயரையும் படிப்பையும் எழுதத்தான் பேனாவை வைத்தேன். முதல் எழுத்தைத் தொடங்குவதற்குள் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. அதைக் கறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து, பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தபால் பெட்டி எடுக்கிற நேரம் ஆகிறது. இதற்கு மேல் எதுவும் எழுதாமல், இப்படியே கொண்டுபோய்ப் போடுகிறேன்.